மஞ்சூர் பனியில் ஒரு நீலக் குருவி... கையில் எந்தப் புத்தகம்?

மஞ்சு என்றால் தமிழில் மேகம். மஞ்சூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்திருந்தாலும், பொருத்தம் என்னவோ கச்சிதம். காலை ஏழு மணிக்கு பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றால், எதிரே இருக்கும் தேயிலைச் சரிவு ஒரு நிமிடம் தெரியும், மறு நிமிடம் காணாமல் போகும். அந்த ஒரு நிமிட இடைவெளியில் ஒரு குருவி வந்து சில்வர் ஓக் கிளையில் உட்காரும். நீல நிறம், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. கிளையிலிருந்து காற்றில் பாய்ந்து ஒரு பூச்சியைப் பிடித்துவிட்டு, திரும்பவும் அதே கிளைக்கு வந்து உட்காரும். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டுவதற்குள் பனி மூடிவிடும்.

புதிதாகப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இங்கேதான் முதல் சோதனை. புத்தகத்தில் நீல நிற ஈப்பிடிப்பான் ஒன்றல்ல, ஒரு பக்கம் நிறைய இருக்கிறது. பார்த்தது எது?

ஊட்டியிலிருந்து தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். குந்தா தாலுகாவின் முக்கிய ஊர் மஞ்சூர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். தொட்டபெட்டா, பொட்டானிக்கல் கார்டன் என்று சுற்றும் கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. படுகர் கிராமங்கள், சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்கள், பள்ளத்தாக்குகளில் மிச்சமிருக்கும் சோலைக்காடுகள், கனடா நாட்டு உதவியோடு கட்டப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள், ராட்சதக் குழாய்கள். இவ்வளவுதான் ஊர். பறவை பார்க்க இதைவிட என்ன வேண்டும்?

ஒரு நல்ல புத்தகம் வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இணையத்தில் தேடினால் அட்டை அழகான புத்தகங்கள் வரிசையாக வந்து நிற்கும். 'இந்தியப் பறவைகள்' என்ற தலைப்பே பாதிப் புத்தகங்களில் இருக்கும். எது மஞ்சூருக்கு உதவும் என்பதை அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

துப்பாக்கி இருந்த இடத்தில் புத்தகம்

நீலகிரிக்கும் பறவைப் புத்தகங்களுக்கும் உள்ள உறவு பழசு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் தாமஸ் ஜெர்டன் 1830-கள் முதலே இந்த மலைகளின் பறவைகளை விவரித்து எழுதிக்கொண்டிருந்தார். நீலகிரிச் சிரிப்பானை அறிவியல் உலகுக்கு 1839-ல் அறிமுகம் செய்தவர் அவர்தான். 1862 முதல் 1864 வரை அவர் எழுதி வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல், அந்தக் காலத்தில் இந்தியா முழுவதற்குமான கையேடாக இருந்தது. பல பறவைகளுக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையும் அதில் சேர்த்திருந்தார். ஆனால், ஒரு பறவையை அடையாளம் காண அன்றைக்கு வழக்கத்திலிருந்த முறை வேறு. முதலில் சுட வேண்டும். பிறகு கையில் வைத்து அலகை அளக்க வேண்டும், இறகை எண்ண வேண்டும். புத்தகமும் அதற்கேற்றபடிதான் எழுதப்பட்டது.

கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அதே நூற்றாண்டில் நீலகிரிப் பறவைகளை வண்ணத்தில் வரைந்துவைத்தார். அந்த ஓவியங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோத்தகிரியில் அவற்றின் பிரதிகளாவது ஒரு பொதுச் சுவரில் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

உயிரோடு பறக்கிற பறவையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண வைக்கும் புத்தகத்துக்கு, அமெரிக்காவின் ரோஜர் டோரி பீட்டர்சன் 1934-ல் ஒரு வழி போட்டார். ஒரே மாதிரி இருக்கும் பறவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, 'இங்கே பார்' என்று வித்தியாசம் உள்ள இடத்தில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். நம் நாட்டில் 1941-ல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகம் வந்தது. 2002-ல் வந்த அதன் 13-ம் பதிப்பில் 500-க்கும் மேற்பட்ட பறவைகள் உள்ளன. சிட்டுக்குருவி அளவு, புல்புல் அளவு, மைனா அளவு, காக்கை அளவு என்று நமக்குத் தெரிந்த பறவையை அளவுகோலாக வைத்து அவர் சொன்ன முறை, இன்றைக்கும் முதன்முதலாகப் பார்க்கிறவருக்குக் கைகொடுக்கிறது. 15 சென்டிமீட்டர் என்றால் யாருக்கும் கண்ணில் நிற்காது. 'சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு' என்றால் குழந்தைக்கும் புரியும்.

ஒரே குருவிக்கு நாலு பெயர்

அப்படியானால் வீட்டில் தாத்தா வாங்கிவைத்த பழைய பதிப்பே போதுமே என்று தோன்றலாம். மைனா, மரங்கொத்தி, மீன்கொத்தி வரை போதும். மஞ்சூர் சோலைக்குள் அது பாதிதான் உதவும். காரணம், ஒரு சின்னக் குருவி.

சோலைக்காட்டின் ஓரத்தில், நீரோடைப் பக்கம், நிழலான தரையில் தத்தித் தத்தி இரை தேடும் குருவி அது. மேலே கருநீலம், வயிற்றின் இரு பக்கமும் செம்பழுப்பு. பழைய புத்தகங்களில் இதைக் குட்டை இறக்கைப் பறவைகளின் கூட்டத்தில் வைத்து, 'செவ்வயிற்று ஷார்ட்விங்' என்றார்கள். சில புத்தகங்கள் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருக்கும் அதன் உறவுக்குருவியையும் சேர்த்து இரண்டையும் ஒன்றாக்கி, 'வெள்ளை வயிற்று ஷார்ட்விங்' என்று போட்டன. பமீலா ராஸ்முஸ்ஸனும் ஜான் ஆண்டர்ட்டனும் 2005-ல் கொண்டுவந்த தெற்காசியப் பறவைகள் நூலில் அது 'நீலகிரி நீல ராபின்' ஆனது. 2017-ல் மரபணு ஆய்வை வைத்து வி.வி.ராபின் குழுவினர் இந்தப் பறவைகளுக்கென்றே புதிய பேரினம் ஒன்றை உருவாக்கினார்கள். இப்போது அதன் பெயர் 'நீலகிரி ஷோலாகிலி'. அதாவது, சோலைக்கிளி!

தமிழில் கிளி என்றதும் பச்சை நிறமும் வளைந்த சிவப்பு மூக்கும்தான் மனதில் வரும். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகச் சின்னப் பறவை. அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால், ஆங்கிலப் பெயருக்குள்ளேயே நம் மலை வந்து உட்கார்ந்துவிட்டது தெரியும்.

பெயர் மாறியது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. நீலகிரியில் இருப்பது ஒரு சோலைக்கிளி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி கொடைக்கானலிலும் ஆனைமலையிலும் இருப்பது இன்னொன்று. சிரிப்பான்களிலும் இதே கதை. மஞ்சூரில் கூச்சல் போடும் நீலகிரிச் சிரிப்பான் வேறு, கொடைக்கானலில் இருக்கும் பழநிச் சிரிப்பான் வேறு. கணவாயின் சூடான சமவெளியைத் தாண்ட முடியாமல் மலை உச்சிகளிலேயே தங்கி, தனித்தனியாக ஆகிப்போன பறவைகள் இவை. இரண்டையும் ஒன்றாகக் காட்டும் புத்தகம், 'நீலகிரியில் அழிந்தாலும் கொடைக்கானலில் இருக்கிறதே' என்ற தவறான தெம்பைத் தருகிறது. அதனால் புத்தகம் வாங்கும்போது அட்டைக்கு முன்னால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

கடையில் நின்றே ஒரு பரீட்சை

மஞ்சூருக்கு ஒரு புத்தகம் தேறுமா என்று கடையிலேயே சோதிக்கலாம். முதலில் அந்த நீல ஈப்பிடிப்பானைத் தேடுங்கள். குந்தா பக்கம் வருஷம் முழுக்க இருப்பது நீலகிரி ஈப்பிடிப்பான். பனிக்காலத்தில் இமயமலையிலிருந்து வெர்டிட்டர் என்ற இன்னொரு நீல ஈப்பிடிப்பானும் தென்னிந்தியாவுக்கு வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வெர்டிட்டர் மயில்துத்தம் கரைத்த மாதிரி பளிச் நீலம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்பு. நீலகிரி ஈப்பிடிப்பான் அதைவிட அடர்ந்த நீலம், வாலின் அடியில் சின்னதாக வெளிறிய திட்டு. இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே வரைந்து, இந்த வித்தியாசங்களையும் சொல்லியிருந்தால் அந்தப் புத்தகம் முதல் படி தேறிவிட்டது. ஒன்று 40-ம் பக்கத்திலும் மற்றொன்று 95-ம் பக்கத்திலும் இருந்தால், பனிக்குள் நின்று புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்தது காட்டு மைனா. இது கொஞ்சம் குறும்பான சோதனை. வட இந்தியக் காட்டு மைனாவுக்குக் கண் மஞ்சள். நம் தென்னிந்தியக் காட்டு மைனாவுக்கு நீலம் கலந்த வெளிர் சாம்பல். பல புத்தகங்களில் வடக்கத்தி மைனாவின் படம் மட்டும் இருக்கும். படத்தை நம்புகிற புதியவர், கண் எதிரே புல்வெளியில் நடக்கிற மைனாவைப் பார்த்து, 'இது ஏதோ அரிய பறவை' என்று குதிப்பார். தெற்கத்தி வடிவத்தையும் காட்டுகிற அல்லது ஒரு வரியாவது எழுதுகிற புத்தகமே நமக்கு ஏற்றது.

ரிச்சர்ட் கிரிம்மெட், கரோல் இன்ஸ்கிப், டிம் இன்ஸ்கிப் மூவரின் இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் கையேடு, பறவை ஆர்வலர்கள் பைகளில் அதிகம் தென்படுவது. 1998-ல் வந்த பெரிய நூல், மேசையில் வைத்துப் படிக்கத்தான். அதன் பாக்கெட் பதிப்பும், 2011-ல் வந்த திருத்திய பதிப்பும்தான் வெளியே தூக்கிக்கொண்டு போக ஏற்றவை. கிரிம்மெட்டும் டிம் இன்ஸ்கிப்பும் தென்னிந்தியாவுக்கு என்றே 2005-ல் தனிப் புத்தகம் ஒன்றும் போட்டார்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இந்த மாதிரி வட்டாரப் புத்தகமே நல்லது. இந்தியா முழுக்க 1,300-க்கும் அதிகமான பறவை இனங்கள் உண்டு. லடாக்கிலும் அருணாச்சலிலும் மட்டும் இருக்கும் பறவைகளைப் புரட்டித் தள்ளிக்கொண்டே நம் குருவியைத் தேடுவது வீண் வேலை. ஆண்டு கொஞ்சம் பழசு என்பதால், பெயர்களை மட்டும் பென்சிலால் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ராஸ்முஸ்ஸன் நூல் பெரிய புலமை. ஆனால், முதல் புத்தகமாக அதை வாங்குவது, எல்.கே.ஜி பிள்ளைக்குத் தொல்காப்பியம் வாங்கித் தருகிற மாதிரி.

போட்டோ புத்தகமா, ஓவியப் புத்தகமா என்ற சண்டை பறவை ஆர்வலர்களிடம் ஓயாதது. போட்டோ பார்க்க அழகு. ஆனால், அது ஒரு பறவை, ஒரு வெளிச்சத்தில், ஒரு கணத்தில் இருந்த விதம். மஞ்சூரில் சீகாரப் பூங்குருவியைப் பார்த்தால் இது விளங்கும். விடியற்காலையில் ஓடைப் பக்கம் சீட்டியடிக்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பாடும் பறவை. போட்டோவில் நெற்றியும் தோளும் கருநீலமாக மின்னும். பனிக்குள் பார்த்தால் முழுக்கக் கறுப்பு! பக்கத்திலேயே கறுப்பாக இன்னொரு பூங்குருவியும் மேயும். பூங்குருவி என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாலும் அலகைப் பார்த்தால் போதும். சீகாரத்துக்கு அலகு கறுப்பு, மற்றதுக்கு ஆரஞ்சு மஞ்சள். ஓவியர் இதைத்தான் எடுத்துக்காட்டுவார், கேமராவுக்கு அது தெரியாது. அதனால் களத்துக்கு ஓவியப் புத்தகம், ராத்திரி அறையில் உட்கார்ந்து ரசிக்கப் போட்டோ புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் என்ன இருக்கிறது?

குழந்தைகளோடு போகிறவர்கள் தமிழ்ப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். ப.ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' அன்றாடம் கண்ணில் படும் பறவைகளைத் தமிழ்ப் பெயர்களோடு அறிமுகம் செய்கிறது. க.ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' பெயர்களுக்கான பொக்கிஷம். ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் என்ன பெயர் என்று தேடுகிறவர்கள் கையில் இருக்க வேண்டியது. மஞ்சூரின் சோலைப் பறவைகள் எல்லாவற்றையும் இவற்றிலேயே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் செம்மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணி, வாலாட்டி, புதர்ச்சிட்டு என்ற பெயர்களோடு பழகிய பிள்ளைக்கு ஆங்கிலக் கையேடு பிறகு பயம் தராது. செம்மீசைச் சின்னானின் கன்னத்துச் சிவப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைக் கேட்டால், அப்புறம் மறக்கவா போகிறது?

மொபைலில்தான் எல்லாம் இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. நியாயம்தான். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் ஆப், இடத்தையும் தேதியையும் வைத்து வாய்ப்புள்ள பறவைகளைக் காட்டுகிறது. குரலைக் கேட்டும் பெயர் சொல்கிறது. இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை ஊட்டியிலோ கோவையிலோ, நல்ல நெட் கிடைக்கும் இடத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள். குந்தா பள்ளத்தாக்குகளில் சிக்னல் வருவதும் போவதும் பனியைப் போலத்தான். இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால், ஆப் ஒரு பெயரைச் சொன்னதும் பலரும் பறவையைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அலகு எப்படி, வால் எப்படி என்று கண் பழகுவதே இல்லை. இன்னொன்று, ஆப்பில் இருக்கும் குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது. தன் எல்லைக்குள் இன்னொரு பறவை நுழைந்துவிட்டது என்று பதறி, கூட்டை விட்டுவிட்டு அது வெளியே வரும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்மேற்குப் பருவமழையின் நேரடித் தாக்குதலில் இருக்கும் பகுதி இது. ஆர்ட் பேப்பர் புத்தகம் ஒருமுறை நனைந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று போதும். பறவைகளுக்கு நல்ல பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. சாம்பல் வாலாட்டி செப்டம்பரிலேயே வந்து சாலையோர ஓடைகளில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

43 வளைவுகளில் மாறும் பக்கங்கள்

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். யானைகள் அடிக்கடி குறுக்கே நிற்கும் சாலை. வண்டியை விட்டு இறங்கிப் பறவை பார்க்கிற இடம் இதுவல்ல. ஆனால், ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மேலே கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான். பாதி மலை இறங்கும்போது அவை எங்கோ நின்றுவிடும். அடிவாரத்தில் மயில், பஞ்சுருட்டான் என்று வேறு உலகம். நேர்க்கோட்டில் பார்த்தால் தூரம் அதிகமில்லை, உயரம்தான் வித்தியாசம்.

கையேட்டில் இருக்கும் பரவல் வரைபடத்தில் நீலகிரி ஒரு கடுகு அளவுப் புள்ளி. மஞ்சூரும் காரமடையும் அந்தக் கடுகுக்குள் ஒன்றுதான். வரைபடத்தை மட்டும் பார்க்கிறவர், அடிவாரத்துப் பறவையை மலையுச்சியிலும், மலைப் பறவையை அடிவாரத்திலும் 'கண்டுபிடிப்பார்'. பறவை எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து எத்தனை மீட்டர் வரை வாழும் என்று எழுதியிருக்கும் புத்தகம், மலைநாட்டுக்குப் படத்தைவிட முக்கியம். வாங்கும்போது அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு இவ்வளவு தேவையா? 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுவதும் நடக்கும் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டுக்காரர்கள் கலந்துகொள்கிறார்கள். அதில் பதிவு செய்கிறவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள். அவர்கள் இ-பேர்டு தளத்தில் ஏற்றும் பட்டியல்களிலிருந்துதான் எந்தப் பறவை குறைகிறது என்று நாட்டுக்கே கணக்குப் போடுகிறார்கள். வழக்கத்துக்கு மாறான பதிவுகளைத் தன்னார்வலர்கள் சரிபார்க்கிறார்கள் என்றாலும், எல்லாத் தவறும் அவர்கள் கண்ணில் படாது.

மஞ்சூரைத் தாண்டி அப்பர் பவானி பக்கம் உயரே இருக்கும் புல்வெளிகளில் நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. பார்ப்பதற்குச் சாதாரணம், பழுப்பு நிறம், உடம்பெல்லாம் கோடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இருக்கும் உயர்ந்த புல்வெளிகளைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லை. அந்தப் புல்வெளிகளில் வெள்ளையர் காலத்திலிருந்தே சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். சீகை தானாகவே பரவி மீதியையும் மூடிக்கொண்டு வருகிறது. சிரிப்பானாவது வீட்டுத் தோட்டத்து வேலிக்கும் வந்து பழம் தின்றுவிட்டுப் போகும், நெட்டைக்காலிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

இதே குடும்பத்தில் சமவெளி வயல்களில் சாதாரணமாகத் திரியும் வயல் நெட்டைக்காலியும் உண்டு. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் இன்னொரு நெட்டைக்காலியும் உண்டு. மூன்றும் பழுப்பு, மூன்றுக்கும் கோடு. வயல் நெட்டைக்காலிக்குக் கால் நீளம், விலாவில் கோடு இருக்காது. வடக்கிலிருந்து வருவதற்குக் காதுக்குப் பின்னால் வெளிறிய புள்ளி, வாலை மேலும் கீழும் ஆட்டும். நீலகிரி நெட்டைக்காலிக்கு மார்போடு விலாவிலும் அழுத்தமான கோடுகள், அந்தக் காதுப் புள்ளி கிடையாது. விரட்டினால் வயலில் இருப்பது போலத் தரையிலேயே ஓடாமல், எழும்பி அருகிலிருக்கும் புதரிலோ மரத்திலோ போய் உட்காரும். ஓர் இடத்தில் வயல் நெட்டைக்காலியைப் பார்த்துவிட்டு நீலகிரி என்று பதிந்தால், புல்வெளி போன பிறகும் பறவை நன்றாக இருப்பதாகக் கணக்கு காட்டும். நிஜமான நீலகிரி நெட்டைக்காலியை வயல் என்று பதிந்தால், அது இருக்கிற கடைசிப் புல்வெளி ஒன்று யாருக்கும் தெரியாமல் போகும்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று நெட்டைக்காலிகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா, விலாக் கோடும் காதுப் புள்ளியும் தெளிவாகத் தெரிகின்றனவா, உயரம் மீட்டரில் எழுதியிருக்கிறதா... இருந்தால் பில் போடச் சொல்லலாம்.